ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆபீஸ்

"உங்க ஆபீஸ் எங்கம்மா இருக்கு?" என்று ஓசூரிலிருந்து பேசியவர் கேட்டார்.

"தில்லைநகர்ல சார்," என்றாள் என் நாத்தனார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவள் அப்போது உட்கார்ந்திருந்தது ஸ்ரீரங்கத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். ஒரு கையில் போன், இன்னொரு கையில் மவுஸ், லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடி. நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று வாயைப் பிளந்தேன். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. அவர் அது என்ன சத்தம் என்று கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணுமில்லீங்க சார், கீழ ஒரு மெஸ் இருக்கு," என்றாள்.

போனை வைத்ததும், "என்னடி இது?" என்றேன்.

"பின்ன என்ன சொல்றது? எங்க அண்ணி வீட்டு டைனிங் டேபிள்லன்னா? பொங்கலுக்கு அப்புறம் நேர்ல வராராம். ஆபீஸையும் ஆளுங்களையும் பாத்துட்டுத்தான் பெரிய வேலையைக் குடுப்பாராம். அதுக்குள்ள தில்லைநகர்ல ஒரு எடம் புடிச்சிடுவோம். ரொம்ப நாளா வெறும் வாயால பேசிக்கிட்டே இருக்கோம்ல, இப்பவாவது நடக்கட்டும்."

இப்படித்தான் நாங்கள் ஆபீஸ் தேடக் கிளம்பினோம்.

எங்கள் வேலை இரும்பு ஷெட்டுகளுக்கு டிராயிங் போடுவது. தொழிற்சாலைக்கு ஒரு ஷெட் போடுவதென்றால், எந்தத் தூண் எவ்வளவு நீளம், எந்த உத்தரத்தில் எங்கே போல்ட்டுக்கு ஓட்டை என்று ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வரைந்து கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் பட்டறையில் இரும்பை வெட்டுவார்கள். நாத்தனாரும் நானும் கண்டோன்மென்டில் ஒரு கம்பெனியில் இந்த வேலையில்தான் சேர்ந்தோம். அப்போது அவள் எனக்கு நாத்தனார் இல்லை, பக்கத்து சீட்டு. வாடி போடி என்று பேசிக்கொள்ளும் சிநேகிதி. ஒரு நாள் மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "எங்க அண்ணன் ஒருத்தன் இருக்கான், மண்ணச்சநல்லூர்ல அரிசி மில்லுல கணக்கு பாக்குறான், கோபமே வராது, பாக்கறியா?" என்று கேட்டாள். பார்த்தேன். கல்யாணமான மறுவாரம் ஆபீஸுக்குப் போனால், எல்லார் முன்னாலும், "வாங்க அண்ணி," என்று எழுந்து நின்றாள். கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. இப்போது நான் அவளை டி போடுவேன், அவள் என்னை அண்ணி என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவாள். ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் பழைய டி வெளியே வந்துவிடும்.

அந்தக் கம்பெனி திருச்சிக் கிளையை மூடிவிட்டுச் சென்னைக்குப் போனது. நாங்கள் போகவில்லை. எனக்கு ஸ்ரீரங்கத்தில் வீடு, பத்தாவது படிக்கும் மகள். அவளுக்குப் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் பார்க்கும் கணவர், பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வராத மாமியார். எங்களைத் தெரிந்த வாடிக்கையாளர்கள் சிலர் எங்களிடமே வேலை கொடுத்தார்கள். எங்களோடு வேலை இழந்த இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டோம். ஒருத்தி மண்ணச்சநல்லூர், ஒருத்தி அரியமங்கலம். அவர்கள் அவரவர் வீட்டிலிருந்து வரைந்து அனுப்புவார்கள். நாத்தனார் மட்டும் வாரத்தில் பாதி நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பொன்மலையிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டிலேயே செய்யலாமே, ஏன் இவ்வளவு தூரம் வருகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. என்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வேலை நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் நான் எழுந்திருக்க வேண்டும். கூரியர் வந்தால் எழுந்திருக்க வேண்டும். வீடியோ காலில் ஒருவர் உத்தரத்தின் அளவைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் என் கணவர் துண்டோடு குறுக்கே போவார். ஆபீஸ் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. எங்கே என்பதில்தான் வம்பு.

என் கணவர் ஒரு புரோக்கரைப் பிடித்துக் கொடுத்தார். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு மட்டுமே வண்டி ஓட்டும் மனிதர். எந்த இடத்தைக் காட்டினாலும், "ராசியான எடம் மேடம்," என்று ஆரம்பிப்பார். முன்பு அங்கே இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று கேட்டால், "வளந்துட்டாங்க மேடம், பெரிய எடத்துக்குப் போயிட்டாங்க," என்பார். அவர் காட்டிய எல்லா இடத்திலிருந்தும் எல்லாரும் வளர்ந்துதான் போயிருந்தார்கள்.

முதலில் தில்லைநகர். ஒரு கிராஸில் இரண்டாவது மாடி. கண்ணாடிக் கதவு, லிஃப்ட், கீழே ரத்தப் பரிசோதனை நிலையம். நாத்தனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. போனில் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடப்போகிற சந்தோஷம். ஒவ்வொரு சுவரிலும் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். ஜன்னல் பக்கம் யார் உட்கார்வது என்றுகூடப் பேசிவிட்டோம். வீட்டுக்காரர் வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று படிக்கட்டையும் பார்த்தார்.

"ஜென்ட்ஸ் யாரும் வரலீங்களா?"

"நாங்கதான் சார் ஆபீஸ் போடறோம்," என்றேன்.

"அது சரிம்மா. அக்ரிமென்ட்டு பேசணும்ல. உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட பேசறது?"

"எங்ககிட்டதான் சார் பேசணும்," என்றாள் நாத்தனார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் அவ்வளவு மரியாதையாகப் பேசினால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் புரோக்கரிடம் திரும்பி, "நீங்க அவங்க வீட்டுக்காரரோட நம்பரை எனக்கு அனுப்பிடுங்க," என்றார். நாங்கள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிவிட்டோம். கீழே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது அவள், "இந்தாளு கட்டடத்துல பிளக் பாயின்ட்டெல்லாம் தப்பான எடத்துல இருக்கு அண்ணி, நமக்கு ஒத்து வராது," என்றாள். மேலே இருந்தபோது அதே பிளக் பாயின்ட்டுகளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்து அரியமங்கலம். எங்களுக்கு டிராயிங் வேலை கொடுக்கும் பட்டறைக்காரர் ஒருவர், தன் பட்டறைக்கு மேலேயே ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்து பாருங்கள் என்றார். போனோம். கீழே இரும்பை வெட்டுகிறார்கள், வெல்டிங் பொறி பறக்கிறது. நாத்தனார் படியேறவே இல்லை. கீழேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்த ஓர் உத்தரம் அங்கே நிஜமாகவே தரையில் கிடந்தது. எங்கள் டிராயிங்தான். ஓரத்தில் சாக்பீஸால் நாங்கள் கொடுத்த எண் எழுதியிருந்தது. அவள் குனிந்து ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இது நான் போட்ட ஓட்டை," என்றாள். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிவரச் சொன்னார்.

மேலே அறை நன்றாகத்தான் இருந்தது. பட்டறைக்காரரும் தங்கமான மனிதர். ஆனால் கீழே கிரைண்டிங் மிஷினை ஓடவிட்டார்கள் என்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று நான் அறைக்குள் இருந்து நாத்தனாருக்குப் போன் செய்தேன். அவள் படிக்கட்டில் நின்று எடுத்தாள்.

"சொல்றது கேக்குதா?"

"என்ன?"

"கேக்குதான்னேன்!"

"மாவு அரைக்கணுமா?"

அத்தோடு அரியமங்கலம் முடிந்தது. அங்கேயே வீடு உள்ள எங்கள் பெண்ணுக்குத்தான் ஏமாற்றம். நடந்தே வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாளாம்.

மூன்றாவதாகப் பார்த்தது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். இது புரோக்கர் காட்டியதல்ல, நானாகத் தேடியது. என் மனதுக்குள் முதலிலிருந்தே இதுதான் இருந்தது என்பதை மறைப்பானேன். வீட்டிலிருந்து நடந்து போய்விடலாம். மகள் பள்ளியிலிருந்து வந்தால் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகலாம். மாடியில் நீளமான ஹால். ஜன்னலைத் திறந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. வீட்டுக்காரர் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருமண், பேச்சில் அப்படி ஒரு நிதானம்.

"வாங்கோ, வாங்கோ. பேஷா எடுத்துக்கலாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் முன்னாடியே விண்ணப்பிச்சுடறேன். உற்சவ காலத்துல பெருமாள் வீதிப் புறப்பாடு உண்டு. அன்னிக்கெல்லாம் தெருவுல வண்டி விடமாட்டா. தேர் அன்னிக்குக் கேக்கவே வேண்டாம். ஆனா ஒண்ணு, இந்த ஜன்னல்லேர்ந்தே திவ்யமா சேவிச்சுக்கலாம். வேற எந்த ஆபீஸ்ல அந்த பாக்கியம் கிடைக்கும், சொல்லுங்கோ?"

எனக்கு அப்போதே சம்மதம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. நாத்தனார் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தாள். "வருஷத்துல எத்தனை உற்சவம் சாமி?" என்று கேட்டாள். அவர் ஒரு மாதத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த வருஷத்துக்குள் நுழைந்துவிடுவார் என்று தோன்றும்வரை சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், எங்களுக்கு டெலிவரி தேதி என்று ஒன்று இருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது?

இறங்கி வந்து கோபுரத்துக்கு வெளியே ஒரு காபிக் கடையில் நின்றோம். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"உற்சவம்லாம் ஒரு விஷயமாடி? அன்னிக்கு மட்டும் வீட்டுலேர்ந்து வேலை பாத்துக்கலாம். எடம் எவ்வளவு அழகா இருக்கு."

"அழகாத்தான் இருக்கு. உங்களுக்கு நடந்தே வந்துடலாம்ல."

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏன், அதுல என்ன தப்பு? எனக்கும் வீட்டுல ஆளுங்க இருக்காங்கல்ல?"

"நான் தப்புன்னு சொல்லவே இல்லையே."

"சொல்லாமலே தெரியுது. சரி, எனக்குப் பக்கமா இருக்குங்கறதுதான் உனக்குப் பிரச்சினைன்னா, பொன்மலைப் பக்கமே பாத்துக்கலாம். உன் வீட்டுக்காரர்கூட அன்னிக்கே சொன்னாரு, அங்க வாடகை கம்மி, குவார்ட்டர்ஸ் பக்கத்துலயே கிடைக்கும்னு. நான் வந்துக்கறேன் ஸ்ரீரங்கத்துலேர்ந்து. எனக்கு ஒண்ணும் இல்ல."

நான் பெரிய மனதோடு விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காபி டம்ளரைப் பலகையில் டக்கென்று வைத்தாள்.

"உனக்கு ஒண்ணுமே புரியாதாடி?" என்றாள். "பொன்மலைல வேணவே வேணாம். வீட்டுப் பக்கத்துல எங்கயுமே வேணாம்."

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அத்தை நல்லவங்கதான். அவரும் நல்லவருதான். நான் ஒண்ணும் குறை சொல்லல. ஆனா நான் பக்கத்துல இருந்தா எல்லாத்துக்கும் நான்தான். மாத்திரை எங்க, ரிமோட் எங்க, பால்காரன் வந்தானா, மோட்டார் போட்டாச்சா. கூப்புடுற தூரத்துல இருந்தா கூப்புடத்தான் செய்வாங்க. யாரா இருந்தாலும் கூப்புடுவாங்க. நான் எதுக்கு உங்க வீட்டுக்கு அவ்வளவு தூரம் வண்டிய ஓட்டிக்கிட்டு வரேன்னு நெனைக்கிறீங்க?"

அவளே பதிலும் சொன்னாள்.

"காவிரிப் பாலம் ஏறினதும் ஒரு காத்து வரும் பாருங்க அண்ணி. அப்ப நான் யாருக்கும் எதுவும் இல்ல. வண்டி ஓட்டிக்கிட்டு ஒரு ஆளு போயிட்டிருக்கு, அவ்வளவுதான். எனக்கு ஆபீஸ் எங்க இருந்தாலும் சரி. ஆனா போய் வர்றதுக்கு ஒரு வழி வேணும். ஆத்துக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு நாலஞ்சு மணி நேரம் வேலை பாத்துட்டுத் திரும்பணும். அதுதான் எனக்கு வேணும். தில்லைநகர்னு சொன்னதெல்லாம் சும்மா வாய்ல வந்தது."

அவளை இத்தனை வருஷமாக எனக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் இருந்தவள், என் கல்யாணத்தை முடித்துவைத்தவள், என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவள். ஆனால் இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நானாக விசாரித்ததும் இல்லை. "இன்னொரு காபி சாப்பிடறியா?" என்றேன். "சாப்பிடறேன்," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அந்தக் காபிக்கு மட்டும் இருவரும் சர்க்கரை கூடப் போடச் சொன்னோம்.

அதற்குப் பிறகு தேடுவது சுலபமாகிவிட்டது. அழகு, அந்தஸ்து, யார் வீட்டுக்குப் பக்கம் என்ற பேச்செல்லாம் போய், யார் எந்த வழியாக வருகிறார்கள் என்ற ஒன்றை மட்டும் பார்த்தோம். மண்ணச்சநல்லூர்ப் பெண் வரும் பஸ் கொள்ளிடம் தாண்டி மாம்பழச்சாலை வழியாகத்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். அரியமங்கலத்துப் பெண் சத்திரம் வரை வந்துவிட்டால், ஸ்ரீரங்கம் போகும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் மாம்பழச்சாலையில் இறங்கலாம். எனக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து கொஞ்ச தூரம். நாத்தனாருக்குப் பாலத்தைத் தாண்டியதும் வந்துவிடும். இரண்டு பெண்களுக்கும் போன் போட்டுக் கேட்டோம். மண்ணச்சநல்லூர்க்காரி, "அக்கா, வீட்டுல இருந்து வேலை பாத்தா, வேலையே இல்லாத பொண்ணுன்னு நெனைச்சு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்க வேணா போடுங்க, சீக்கிரம் போடுங்க," என்றாள்.

புரோக்கரிடம் மாம்பழச்சாலை என்றோம். அவர் முகம் சுருங்கியது. "அங்க என்ன மேடம் இருக்கு? தில்லைநகர் ரேஞ்சே வேற," என்றார். இருந்தாலும் தேடினார். மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு முதல் மாடியைக் காட்டினார். கீழே மாட்டுத் தீவனக் கடை. படியேறும்போதே புண்ணாக்கு வாசனை மூக்கில் ஏறியது. மேலே இரண்டு அறை, ஒரு சின்ன அடுப்படி, சுத்தமான பாத்ரூம். கட்டடத்துக்குச் சொந்தக்காரி அந்தத் தீவனக் கடையை நடத்தும் அம்மாதான். கல்லாவில் உட்கார்ந்தபடியே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன ஆபீஸு?"

"டிராயிங் போடறதுங்க."

"ஸ்கூல் புள்ளைங்களுக்கா?"

"இல்லீங்க, இரும்பு ஷெட்டுக்கு."

"பொம்பளைங்களா இரும்பு ஷெட்டு போடறீங்க?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்தார். "நானே தவிடும் புண்ணாக்கும் ஏத்தி எறக்கறேன். போடுங்க, போடுங்க. மேல குழா மட்டும் சொட்டும், ஆள விட்டுச் சரி பண்ணித் தரேன். வாசனை உங்களுக்கு ஒத்துக்குமா?"

நாத்தனார் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். "எங்க அண்ணி வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு இது பரவாயில்லீங்க," என்றாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். இருவருக்கும் அங்கேயே சிநேகம் பிடித்துக்கொண்டது. ஜென்ட்ஸ் யாரும் வரவில்லையா என்று அவர் கேட்கவே இல்லை.

தை பிறந்ததும் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினோம். நாத்தனாரின் கணவர் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து, ஒர்க்‌ஷாப் உடுப்போடே ஸ்டூலில் ஏறி மின்விசிறி மாட்டிக் கொடுத்தார். மாட்டிக்கொண்டே, "எதுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் புடிச்சீங்க? பொன்மலைலயே எவ்வளவோ எடம் இருக்கு," என்றார் என்னிடம். நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் பாத்திரத்தில் பால் பொங்குகிறதா என்று மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் பஸ் வசதி அண்ணா," என்றேன்.

இனி அந்த ஓசூர்க்காரர். அவருக்குச் சொன்னது தில்லைநகர். கீழே மெஸ் வேறு. இப்போது கீழே இருப்பது மாட்டுத் தீவனம். அவர் கிளம்பும் முன்பே உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றேன். "நீங்களே பேசுங்க அண்ணி," என்று நாத்தனார் போனை என்னிடம் நீட்டினாள். "கதை அளந்தது நீ, நீயே பேசு," என்று திருப்பிக் கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் போய், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"சார், அன்னிக்கு உங்ககிட்ட ஆபீஸ் தில்லைநகர்னு சொன்னேன். அது உண்மை இல்லீங்க சார். அப்ப எங்களுக்கு ஆபீஸே கிடையாது, வீட்டுலதான் இருந்தோம். இப்ப மாம்பழச்சாலைல எடுத்திருக்கோம். சின்ன எடம்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

மறுபக்கம் ஏதோ நீளமாகப் பேச்சு. இவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"...விசில் சத்தம் கேட்டப்பவே தெரியும்மா. எங்க வீட்டுக் குக்கரும் அப்படித்தான் கத்தும். மெஸ்ஸுன்னு சொன்னீங்க பாருங்க, அத வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். எனக்குத் தில்லைநகரும் தெரியாது, மாம்பழச்சாலையும் தெரியாது. நான் எப்படியும் ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வரணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். உங்க எடம் கோயிலுக்குப் போற வழியிலதானே?"

"வழியிலயேதான் சார்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அவர் மனைவியோடு வந்தார். காலையில் தரிசனம் முடித்துவிட்டு, கையில் பிரசாதப் பையோடு படியேறினார். நாங்கள் பயந்த அளவுக்கு ஆபீஸைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் அரியமங்கலத்துப் பெண்ணின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் வரைந்துகொண்டிருந்த படிக்கட்டைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அவள் முதலில் திக்கினாள், அப்புறம் சரளமாகச் சொன்னாள். அவருடைய மனைவி அதற்குள் கீழே போய்த் தீவனக் கடை அம்மாவோடு பேச்சில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் வீட்டில் இரண்டு பசு இருக்கிறதாம். கிளம்பும்போது எங்களுக்கு வேலை கிடைத்தது, தீவனக் கடைக்கும் ஒரு மூட்டை பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வியாபாரம் ஆனது. காரின் பின்பக்கத்தில் அதை ஏற்றிக்கொண்டுதான் ஓசூர் போனார்கள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது காவிரிப் பாலத்தை ரிப்பேருக்கு மூடினார்கள். மாதக்கணக்கில் வேலை நடக்கும் என்றார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சென்னை பைபாஸைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நாத்தனாருக்கு வழி கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியில் வர வேண்டும். "கொஞ்ச நாள் வீட்டுலயே இருந்து பாரு," என்றேன். அவள் கேட்கவில்லை. கர்ச்சீப்பை மூக்குவரை கட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, தினமும் வந்தாள். எங்கள் தேர்வு தப்பாகிவிட்டதோ என்று நான் மனதுக்குள் மருகிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவள் வீட்டில் வேறொன்று நடந்தது. முன்பு எப்படியும் மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஓடுவாள். பாலம் மூடிய பிறகு அது முடியவில்லை. அதனால் அவள் கணவர் தானாகவே கூட வேலை பார்ப்பவரிடம் சொல்லி ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். மதியம் அம்மாவுக்குச் சாப்பாடு போட்டு மாத்திரை கொடுப்பது அவர் பொறுப்பானது. மாமியாரும் சும்மா இருக்கவில்லை. வராத கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் கீரை ஆய ஆரம்பித்தாராம். "அவளே வெயில்ல சுத்திக்கிட்டு வரா, இதையாவது பண்ணி வைப்போம்," என்றாராம். இதை நாத்தனார் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். பிறகு, "கீரையில பாதி தண்டுதான் இருந்துச்சு," என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்த நாட்களில் ஒரு மதியம், பெரிய வேலை ஒன்றை முடித்து அனுப்பும் அவசரத்தில் இருந்தோம். நாலு பேரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி. அவள் போன் அடித்தது. கணவர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மவுஸை விடாமல் பேசினாள்.

"பெருங்காயம் எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"ரசம் வெக்கிறேன்."

நாங்கள் மூன்று பேரும் திரையிலிருந்து தலையைத் தூக்கினோம். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் வெந்நீர்கூட வைத்ததில்லை என்று எங்களுக்குத் தெரியும். நாத்தனார் மட்டும் தலையைத் தூக்கவில்லை. அவள் உதடு துடித்துக்கொண்டிருந்தது, சிரிப்பை அடக்கிக்கொள்ள.

"மேல் தட்டுல, கடுகு டப்பாவுக்குப் பின்னாடி பாருங்க. கொஞ்சமா போடுங்க."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்," என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணி, அந்தக் கடைசித் தூணுக்கு எத்தனை போல்ட்டுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.